ஜுசாராவின் வித்து: பிரேசிலின் அத்திலாந்திக் காடும் பெருந்தோட்டப் பொருளாதாரமும்

2013ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் மௌரோ கலெற்றியும் அவர்தம் சக ஆய்வாளரும் எழுதிய கட்டுரையொன்று வெளிவந்தது. பிரேசிலின் அத்திலாந்திக் கரையோரக் காடுகளில் வளரும் ஜுசாரா என்னும் மரத்தின் வித்துக்களை 22 இடங்களிலிருந்து திரட்டி, அவற்றின் பருமனை ஒப்பிட்டு ஆராய்ந்த கட்டுரை அது. பெரிய பறவைகள் பல தசாப்தங்களாக இல்லாதொழிந்த காடுகளில் ஜுசாராவின் வித்துச் சிறுத்திருக்கின்றது. அப்பறவைகள் எஞ்சியுள்ள காடுகளில் அது பருத்தே இருக்கின்றது. இம்மாற்றம் பெரும்பாலும் கடந்த 100 ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிபு. தாவரவியலாளருக்கு இது கூர்ப்புப் பற்றிய செய்தி. நமக்கோ இது வரலாற்றுச் செய்தி. ஒரு மரத்தின் வித்து ஒரு நூற்றாண்டுக்குள் சிறுத்துவிடுமாயின், அந்நூற்றாண்டிலும் அதற்கு முன்னரும் அம்மரத்தைச் சூழ்ந்து வாழ்ந்த மனிதர் யாது செய்தனர், யார் பொருட்டுச் செய்தனர், எத்தகைய உடைமை உறவுகளின் கீழ் நின்று செய்தனர் என்னும் வினாக்கள் எழாதிரா. அவ்வினாக்களையே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

இலக்கிய ஆராய்ச்சியிற் பயின்றவர்களுக்கு வித்தின் பருமனில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். திணைக்கோட்பாட்டைப் படித்தவர் இக்கேள்வியைக் கேட்கமாட்டார். நிலத்தையும் கருப்பொருளையும் மக்கள் வாழ்க்கையையும் ஒன்றோடொன்று இணைத்து நோக்கிய மரபு நம்முடையது. ஆயின் அம்மரபு நிலத்தை மாறாததாகக் கொண்டது. குறிஞ்சி என்றும் குறிஞ்சியே, முல்லை என்றும் முல்லையே. நிலம் வரலாற்றுக்குட்பட்டது, உழைப்பினாலும் உடைமையினாலும் மாற்றப்படுவது என்ற உணர்வு வேறோர் உலகநோக்கிலிருந்து வரவேண்டியிருந்தது. 1876இல் எழுதிய கட்டுரையொன்றில் எங்கெல்ஸ், கியூபாவின் ஸ்பானியத் தோட்டத்துரைமார் மலைச்சரிவுக் காடுகளை எரித்து, அச்சாம்பலை ஒரு தலைமுறைக் கோப்பிச் செடிகளுக்கு உரமாக்கிக்கொண்டதை எடுத்துக்காட்டுகின்றார். பின்னர் பெய்த மழை மண்ணைக் கழுவிச் சென்று வெறும் பாறையை விட்டது பற்றி அவர்களுக்குக் கவலையிருக்கவில்லை. அன்றைய இலாபமே அவர்களுடைய கணக்கு. கியூபாவுக்குச் சொல்லப்பட்டது பிரேசிலுக்கு இன்னும் பேரளவிற் பொருந்தும்.

முதலில் மரத்தை அறிமுகஞ்செய்தல் வேண்டும். தென்னை, பனை, கமுகு, கித்துள் ஆகியன அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது ஜுசாரா. தோற்றத்திற் கமுகுக்கு நெருங்கியது. ஒற்றைத் தண்டு, மெல்லியது, உயரமானது. பெருமரங்களின் நிழலில், ஈரலிப்பு நீங்காத காட்டினுள்ளே வளர்வது. கருநீலக் கனிகளைக் குலைகுலையாகத் தருவது. கனிக்குள் ஒரேயொரு வித்து; சதையோ மிக மெல்லியது. ஏனைய மரங்கள் காய்க்காத மாதங்களிலும் இது கனி தருவதால் காட்டுப் பறவைகள் பல இதனை நம்பியுள்ளன. மரமும் அப்பறவைகளை நம்பியே உள்ளது. பறவை கனியை விழுங்கித் தாய்மரத்துக்கு அப்பாற் சென்று வித்தைக் கக்கினாலன்றி, வித்து மரத்தடியிலேயே வீழ்ந்து, நெருக்கத்திற் கிடந்து, பெரும்பாலும் மடியும். இன்னொரு செய்தியும் முக்கியமானது. ஜுசாராவின் குருத்து உண்ணத்தக்கது, சுவையானது. குருத்தை எடுத்தால் மரம் செத்துவிடும். அமேசன் கழிமுகத்தில் வளரும் அசாயீ என்னும் அதன் உறவினம் அடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைப்பது. ஒன்றை வெட்டினால் மற்றொன்று வளரும். ஜுசாராவுக்கு அந்த வசதி இல்லை.

குருத்து உண்ணும் வழக்கம் ஐரோப்பியர் கொண்டுவந்ததன்று. 1500ஆம் ஆண்டு ஏப்ரிலிற் கப்ராலின் கப்பல்கள் பிரேசிற் கரையை அடைந்தபோது, உடன்வந்த எழுத்தர் பேரோ வாஸ் த கமிஞ்ஞா போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், அதிக உயரமில்லாத தாலமரங்களையும் அவற்றின் நல்ல குருத்துக்களையும் தாம் பறித்துண்டதையும் குறிப்பிட்டுள்ளார். ஆகவே பிரேசிலைப் பற்றி ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்ட முதல் ஆவணத்திலேயே குருத்து இடம்பெற்றுவிட்டது. அக்காலத்திற் கரையோரக் காடு, இன்றைய மதிப்பீட்டின்படி, 13 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பினதாயிருந்தது. அக்காட்டினுள்ளே துப்பி முதலாய பழங்குடியினர் சேனைப் பயிர் செய்தும் வேட்டையாடியும் வாழ்ந்தனர். காட்டை அவர்கள் தொடாதிருந்தனர் என்று கூறுவது கற்பனை. எரித்துப் பயிரிட்டார்கள், சில ஆண்டுகளில் விட்டு நீங்கினார்கள், சுற்றியிருந்த காடு திரும்ப வந்து அவ்விடத்தை மூடிக்கொண்டது. அங்கு காடு கடலாயும் பயிர்நிலம் தீவாயும் இருந்தன. 400 ஆண்டுகளில் இவ்வுறவு தலைகீழாயிற்று.

இடையிலே ஒரு செய்தி. இன்று பிரேசிற் கரையை எண்ணுவோர் மனக்கண்ணில் முதலிற் தோன்றுவது தென்னை. அத்தென்னை அந்நாட்டுக்குரியதன்று. 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கேப் வேர்டே தீவுகளிலிருந்து கொண்டுபோய் நட்டது. அத்திலாந்திக் கரைத் தென்னைகளின் மூலம் இந்துசமுத்திரக் கரைகளே என மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது நமது கரைத் தென்னைக்கும் பாகியாக் கரைத் தென்னைக்கும் உறவுண்டு; அவ்வுறவை உண்டாக்கியது போர்த்துக்கேய வணிகப் பேரரசு. நடப்பட்ட தாலமரம் பெருகவும் நடப்படாதது அருகவும் ஒரே வரலாறு காரணமாயிற்று.

கரும்பு அவ்வரலாற்றின் முதல் அத்தியாயம். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் பேர்ணம்புக்கோவிலும் பாகியாவிலும் கரும்பு ஆலைகள் பெருகின. ஆற்றோரத் தாழ்நிலக் காடுகள் கரும்பு வயல்களாயின. எஞ்சிய காடு ஆலைக் கொப்பரைகளின் அடுப்புக்கு விறகாயிற்று. ஆலையில் உழைப்பதற்கு ஆபிரிக்காவிலிருந்து மனிதர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் தப்பியோடியோர் அடைந்த இடம் காடே. இன்றைய அலகோவாஸ் மாநிலத்தின் பரீகா மலைத்தொடரை நடுவாகக் கொண்டு, ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டு முழுவதும் நிலைத்துநின்ற சுதந்திரக் குடியிருப்புக்களின் கூட்டமைப்பு பல்மாரெஸ் எனப்பட்டது. அப்பெயரின் பொருள் தாலமரத் தோப்புக்கள் என்பது.

இப்பெயர் தற்செயலானதன்று. பல்மாரெஸ் மீது படையெடுத்தோர் விட்டுச்சென்ற குறிப்புக்களிலிருந்தே அங்கு தாலமரங்கள் வகித்த இடத்தை நாம் அறிகின்றோம். ஓலை வீட்டுக்குக் கூரை, நார் உடைக்கும் கயிற்றுக்கும், காய் உணவுக்கும் எண்ணெய்க்கும், சாறு மதுவுக்கு. சோளமும் மரவள்ளியும் பயிரிடப்பட்டன என்பதும் உண்மையே. ஆயின் பயிர் எரிக்கப்பட்ட ஆண்டிலும் மக்களை வாழவைத்தது காடு. ஒவ்வொரு படையெடுப்பும் வயலைக் கொளுத்தியது. ஒவ்வொரு முறையும் மக்கள் தாலமரக் காட்டினுட் பின்வாங்கி, படை நீங்கியதும் திரும்பி வந்தனர். பேர்ணம்புக்கோவை 1630 முதல் 1654 வரை கைப்பற்றி வைத்திருந்த ஒல்லாந்தர் 1644இலும் 1645இலும் படை அனுப்பினர், பயன் கிட்டவில்லை. பின்வந்த போர்த்துக்கேயர் பல படையெடுப்புக்களுக்குப் பின் 1678இற் கங்கா சும்பா என்னும் தலைவருடன் உடன்படிக்கை செய்தனர். அதனை ஏற்க மறுத்துப் போரைத் தொடர்ந்தவர் சும்பி. 1694 பெப்ரவரியில் டொமிங்கோஸ் ஜோர்ஜ் வேல்ஹோவின் படையிடம் தலைமைக் குடியிருப்பான மக்காக்கோ வீழ்ந்தது. 1695 நவம்பர் 20ஆந் திகதி சும்பி கொல்லப்பட்டார். அவரது தலை ரெசீஃபே நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. வென்ற படையினருக்குக் கூலியாக வழங்கப்பட்டது பல்மாரெஸின் நிலம்.

எடிசன் கார்னெய்ரோ 1940களிலும் குளோவிஸ் மோரா 1959இலும் எழுதிய நூல்கள் பல்மாரெஸைக் குற்றவாளிகளின் ஒளிவிடமாகக் காட்டிய பழைய வரலாற்றெழுத்தை மறுத்து, அதனை அடிமைமுறைக்கெதிரான வர்க்கப் போராட்டத்தின் வரலாற்றினுள் வைத்தன. அவர்கள் போட்ட அத்திவாரம் வலிமையானது. அதன்மேல் ஒன்றை நாம் சேர்க்க விரும்புகின்றோம். பல்மாரெஸின் சுதந்திரத்துக்கு ஒரு பௌதிக அடிப்படை இருந்தது. அது தொடர்ச்சியான காடு. துண்டுதுண்டான காட்டில் ஒரு நூற்றாண்டுக்காலம் ஒளிந்து வாழ்தலும் போர்புரிதலும் இயலாதவை. ஆதலால் காட்டைத் துண்டாடுவது பயிர்நிலம் தேடும் செயல் மட்டுமன்று. உழைப்பாளி தப்பியோடுவதற்குரிய வெளியை மூடும் செயலுமாகும். தோட்டத்துரைமார் இதனைத் திட்டமிட்டே செய்தனர் என்று நாம் கூறவில்லை. விளைவு அவ்வாறிருந்தது.

கரும்பு காட்டின் வடகிழக்குப் பகுதியை அரித்தது. தென்கிழக்குப் பகுதியை விழுங்கியது கோப்பி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் றியோ டி ஜெனீரோவுக்குப் பின்புறமாயமைந்த பரைபா ஆற்றுப் பள்ளத்தாக்கு பெருங்காடாயிருந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அது மொட்டை மலைகளும் புல்வெளியுமாயிற்று. வஸ்ஸூராஸ் என்னும் பகுதியைப் பற்றி ஸ்ரான்லி ஸ்ரைன் 1957இல் வெளியிட்ட ஆய்வும், முழுக் காட்டின் அழிவைப் பற்றி வொறன் டீன் 1995இல் வெளியிட்ட பெருநூலும் இச்செயல்முறையை விரிவாகத் தருகின்றன. கன்னிக் காட்டு மண்ணிலன்றிக் கோப்பி செழிக்காது என்பது தோட்டக்காரரின் நம்பிக்கை. எனவே காட்டை வீழ்த்தி, எரித்து, நட்டு, சில தசாப்தங்கள் விளைச்சலெடுத்து, மண் சோர்ந்தபின் அடுத்த காட்டுக்குச் செல்வதே முறையாயிருந்தது. நிலம் மலிந்தும் அடிமையின் விலை உயர்ந்தும் இருந்த பொருளாதாரத்தில் மண்ணைப் பேணுதல் வீண்செலவு என்று கருதப்பட்டது.

மரம் வீழ்த்தும் முறையை எடுத்துக்கொள்வோம். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் அரைவாசிக்கு வெட்டி விட்டுச் செல்வார்கள். உச்சியிலுள்ள பெருமரத்தை முற்றாக வெட்டிச் சாய்த்ததும், அது தன் கீழுள்ளதைச் சாய்க்க, அது அடுத்ததைச் சாய்க்க, மலைச்சரிவு முழுவதும் ஒரே இடிமுழக்கத்துடன் வீழும். ஈழத்து வாசகருக்கு இவ்வருணனை புதிதாயிராது. கண்டி மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு வீழ்த்தப்பட்டதும் இம்முறையிலேயே. கோப்பிச் செடிகளை நட்டமுறை அதனினும் கவனத்துக்குரியது. மலையைச் சுற்றி வளைந்துசெல்லும் வரிசையில் நட்டால் மண் கரையாது. அவ்வாறு நடவில்லை. அடியிலிருந்து உச்சிவரை நேர்வரிசையாக நட்டனர். நேர்வரிசையில் வேலைசெய்யும் அடிமைகளை மேற்பார்வையாளன் ஓரிடத்தில் நின்றே கண்காணிக்கலாம். மழைநீர் அவ்வரிசைகளின் வழியே மண்ணை அள்ளிச் சென்றது. உற்பத்தி உறவு மண்ணரிப்பாக உருமாறும் விதத்தை இதனினும் தெளிவாகக் காட்டக்கூடிய சான்று வேறு உண்டா என்பது ஐயமே.

1850ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இரண்டு சட்டங்கள் பிரேசிலில் நிறைவேறின. 4ஆந் திகதிச் சட்டம் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடைசெய்தது. 14 நாட்களின் பின் 18ஆந் திகதி வந்த நிலச்சட்டம், அரச நிலத்தை இனிமேல் விலைகொடுத்து வாங்குவதன் மூலமே பெறலாம் என்றது. இவ்விரண்டையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். அடிமைமுறை ஒருநாள் முடியப்போகின்றது. அன்று விடுதலை பெறுவோரும் வெளியிலிருந்து வரும் கூலியாளரும் காட்டிற் தமக்கென ஒரு துண்டு நிலத்தைத் திருத்திக் குடியேறிவிட்டால் தோட்டத்துக்கு ஆள் ஏது? 1888 மே 13ஆந் திகதி அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் வழங்கப்படவில்லை. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரியன என ஊகித்து, அவற்றைத் தோட்டத்துரைமாருக்கு விற்க வழிசெய்தமையை நாம் அறிவோம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அத்தோட்டங்களில் நிலமற்றவராகவே நின்றனர். இரு நாட்டுக் கோப்பியும் ஒரே உலகச் சந்தைக்குச் சென்றன. 1869இல் இலங்கையிற் தோன்றிய இலைநோய் இங்குக் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. பிரேசில் சந்தையில் மேலும் ஓங்கியது. அந்நோய் பிரேசிலிற் காணப்பட்டது 1970இலேதான்.

மக்கட்பெருக்கமே காடழிவுக்குக் காரணம் என்று கூறுவோர் இன்றும் உளர். பரைபாப் பள்ளத்தாக்கு அவர்களுக்கு விடையிறுக்கும். அங்குக் காடு அழிந்தபோது மக்கள் தொகை குறைவு. காட்டை வீழ்த்தியவர்கள் தமது உணவுக்காக வீழ்த்தவில்லை. விளைந்த கோப்பி அவர்களுடைய கோப்பைகளுக்கும் செல்லவில்லை.

தலைநகரத்துக்கு நீர் குறைந்தபோதுதான் அரசு விழித்தது. றியோவின் மேலெழுந்த திஜூக்கா மலைகளிற் கோப்பிக்காகக் காடழிக்கப்பட்டதால் ஊற்றுக்கள் வற்றின. 1861 டிசெம்பரில் அரசு மீள்நடுகைக்கு ஆணையிட்டது. மனுவேல் கோமெஸ் ஆர்ச்சர் என்னும் அதிகாரியின் கீழ் வேலை தொடங்கியது. வரலாற்று நூல்கள் பல அவரைப் போற்றுகின்றன. மன்னர் இரண்டாம் பேதுருவையும் போற்றுகின்றன. மண்ணைத் தோண்டிக் கன்றுகளை நட்டவர்கள் எலெவுத்தேரியோ, கொன்ஸ்தந்தீனோ, மனுவேல், மத்தேவுஸ், லெயோபோல்டோ, மரியா என்னும் ஆறு அடிமைகள். இன்று நகரின் நடுவே பசுமையாய் நிற்கும் திஜூக்காக் காடு அவர்கள் தொடக்கிவைத்த காடு. ஆயினும் மரத்தை நட்டதனால் மட்டும் காடு முழுமையாகிவிடவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

கோப்பி காட்டை விழுங்கிக்கொண்டிருந்த இக்காலமே பிரேசிலியத் தேசிய இலக்கியம் தாலமரத்தைத் தன் சின்னமாக்கிக்கொண்ட காலம் என்பது இலக்கிய மாணவருக்குச் சிந்தனைக்குரியது. கோன்சால்வெஸ் டீயாஸ் 1843இற் போர்த்துக்கல்லின் கொயிம்பிரா நகரில் மாணவராயிருந்தபோது எழுதிய ‘நாடுகடந்தோன் பாடல்’, தாயகத்தின் அடையாளங்களாகத் தாலமரத்தையும் சபியா என்னும் பாடும் பறவையையும் முன்னிறுத்தியது. பிரேசிலியக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக மனனஞ்செய்த கவிதை அது. 1857இல் வெளிவந்த ஜோசே டி அலென்காரின் ‘குவாரனி’ நாவலின் முடிவிலும், வெள்ளத்தில் மிதந்துசெல்லும் ஒரு தாலமரமே பழங்குடித் தலைவனையும் போர்த்துக்கேயப் பெண்ணையும் தாங்கிச் செல்கின்றது. இவற்றில் தாலமரம் உண்டு. அதன் நிழலில் உழைத்த அடிமை இல்லை. புனைவியற் தேசியம் நிலத்தைப் பாடிற்று, நிலவுடைமையைப் பாடவில்லை. டீயாஸ் பிறந்த மரான்யாவோ மாநிலத்துத் தாலமரங்கள் ஜுசாராவிலிருந்து வேறானவை என்பதும் உண்மையே. எனினும் அக்கவிதையின் பறவையை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ஜுசாராவின் கதையில் அப்பறவைக்கு ஒரு பங்குண்டு.

20ஆம் நூற்றாண்டிற் புகைவண்டிப் பாதையும், நகரமும், கால்நடைப் பண்ணையும், யூகலிப்டஸ் தோட்டமும் சேர்ந்து மீதியை முடித்தன. 2009இல் வெளியான விரிவான கணிப்பொன்றின்படி எஞ்சியிருந்த காடு மூலப்பரப்பில் 11.4 முதல் 16 வீதம் வரையே. (சிறு துண்டுகளையும் நுட்பமாகச் சேர்த்துக்கொண்ட பிந்திய மதிப்பீடு 28 வீதம் என்கின்றது.) இவ்வீதத்தை மட்டும் நோக்குவோர் உண்மையின் பாதியையே காண்பர். அக்கணிப்பின்படி எஞ்சிய காட்டுத் துண்டுகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டவை 50 ஹெக்டயருக்குக் குறைந்தவை. எஞ்சிய காட்டில் ஏறக்குறைய அரைவாசி ஏதாவதொரு விளிம்பிலிருந்து 100 மீற்றருக்குள் அமைந்துள்ளது. விளிம்பு என்பது வெறும் கோடன்று. வெயிலும் காற்றும் பக்கவாட்டில் உட்புகும்; பெருமரங்கள் சாயும்; மண் உலரும். உலர்ந்தால் முளைத்திறனை இழப்பது ஜுசாராவின் வித்து. துண்டாகிய காட்டில் வேட்டைக்காரன் அடையவியலாத இடம் இல்லை. பெருமரம் இன்றேல் கூடுகட்டப் பொந்து இல்லை. ஆகவே பெரும் பறவைகள் முதலிற் போயின: டூக்கான்கள், மணியோசை போன்ற குரலுடைய அரப்பொங்கா, ஒருகாலத்தில் மிகுந்திருந்து வேட்டையாடித் தீர்க்கப்பட்ட ஜாக்குட்டிங்கா. கடைசியாகக் கூறப்பட்ட பறவை றியோ டி ஜெனீரோ மாநிலத்திலிருந்து முற்றாக அற்றுப்போயிற்று.

எஞ்சியவை சிறுபறவைகள். அவற்றுள் முக்கியமானது சபியா. தேசியக் கவிதையின் அப்பறவை துண்டுக் காட்டிலும் தோட்டத்திலும் நகரத்திலும் வாழவல்லது. ஜுசாராக் கனியை விரும்பி உண்பது. ஆயின் அதன் வாய் சிறிது. 12 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வித்தை அதனால் விழுங்கவியலாது. பெரிய வித்தைத் தரும் மரங்களின் கனிகள் மரத்தடியில் வீழ்ந்து வீணாகும். சிறிய வித்தைத் தரும் மரங்களின் சந்ததியே காட்டிற் பரவும். தலைமுறைகள் செல்லச் செல்ல அக்காட்டின் ஜுசாராக் குடித்தொகை முழுவதும் சிறுவித்து மரங்களாகும். காலநிலை, மண் முதலாய வேறு காரணிகளையும் ஆய்வாளர் சீர்தூக்கினர். பெரும்பறவைகளின் இன்மையே வேறுபாட்டை நன்கு விளக்கியது. சிறிய வித்தில் முளைக்குரிய உணவுச் சேமிப்புக் குறைவு; அது விரைவில் உலரும். விளிம்பின் வெம்மையில் எந்த வித்து நின்றுபிடிக்க வேண்டுமோ அந்த வித்தே இல்லாமற் போகின்றது. எண்ணிக்கையில் மரம் நிறைந்திருப்பதாகத் தோன்றும் காட்டிலும் உள்ளே இவ்விழப்பு நடந்தேறிக்கொண்டிருக்கலாம்.

எல்லாத் தாலமரங்களும் இவ்வாறு நலிகின்றன எனக் கொள்ளல் தவறு. றியோ மாநிலத்தின் போசோ தாஸ் அன்ரஸ் காப்பகத்திற் தீயினாற் சிதைந்த துண்டுகளில், பிந்தோபா எனப்படும் குள்ளத் தாலம் செறிந்து வளர்வதைத் தாவரவியலாளர் பதிவுசெய்துள்ளனர். அதன் தண்டு நிலத்தினுள்ளே மறைந்திருப்பதால் நெருப்பு அதனைக் கொல்வதில்லை. பண்ணையார் வைக்கும் நெருப்பு ஒரு தாலத்தை அழித்து இன்னொன்றை வளர்க்கின்றது. திஜூக்காவிலோ வேறொரு நிலை. முள்நிறைந்த பிரெஜாவுபா என்னும் தாலத்தின் கடுமையான பெருவித்தை எந்தப் பறவையும் பரப்புவதில்லை. அதனை எடுத்துச் சென்று மண்ணிற் புதைத்துவைத்துப் பின் சிலவற்றை மறந்துவிடும் அகூட்டி என்னும் கொறிணியே அதற்குத் துணை. நடப்பட்ட காடு செழித்தது, அகூட்டி இல்லை. 2010இலிருந்து அவ்விலங்கை ஆய்வாளர்கள் அங்கு மீளக் கொண்டுவந்து விட்டுள்ளனர்.

பல்மாரெஸின் நாட்டில் நிலைமை இன்னும் கடுமையானது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் இராணுவ அரசு கரும்பிலிருந்து எரிபொருள் மதுசாரம் தயாரிக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. வங்கிக் கடனும் மானியமும் பாய்ந்தன. அலகோவாஸின் மேட்டுநிலங்களில் எஞ்சிநின்ற காடு கரும்புக்கு இரையாயிற்று. முட்டும் எனப்படும் அலகோவாஸ் பெருங்கோழி 1980களோடு காட்டிலிருந்து மறைந்தது. கூட்டில் வளர்க்கப்பட்ட சந்ததியிலிருந்து சில இணைகள் 2019இல் ஆலையொன்றுக்குரிய காட்டுத் துண்டில் விடப்பட்டன. 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் எழுதிய இரு பிரேசிலிய ஆய்வாளர், விலங்குகளால் விதை பரப்பப்படுதல் தடைப்பட்டமையால், வடகிழக்குக் காட்டின் மர இனங்களில் மூன்றிலொரு பங்கு அப்பிரதேசத்திலிருந்து அற்றுப்போகலாம் எனக் கணித்தனர். ஒரே ஆலை முதலாளி வர்க்கம் நான்கு நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து நிலத்தை வைத்திருப்பதை உலகிற் பல இடங்களிற் காணவியலாது; வடகிழக்குப் பிரேசில் அவற்றுள் ஒன்று.

இனிக் குருத்துக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜுசாராக் குருத்தைத் தகரப்பேணிகளில் அடைத்து விற்கும் தொழில் தென்கிழக்கிற் பெருகியது. சேனைக்காரன் எப்போதோ வெட்டியுண்ட குருத்து நகரத்து உணவகங்களுக்கும் ஏற்றுமதிக்குமுரிய பண்டமாயிற்று. குருத்தெடுக்கத் தக்கதாக மரம் வளர ஏறக்குறைய 8 முதல் 12 ஆண்டுகள் செல்லும்; பேணித் தொழிற்சாலை அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. மரம் தீர்ந்ததும் மூலதனம் 1960களின் பிற்பகுதியிலிருந்து அமேசன் கழிமுகத்து அசாயீயை நாடிச் சென்றது. பின்தங்கிநின்றவன் காட்டோர ஏழை. 2014இன் அரச பட்டியலில் ஜுசாரா அழியும் நிலைக்குள்ளாகத்தக்க இனம் எனப் பதிவாகியுள்ளது. இன்று காப்பகங்களினுட் திருட்டுத்தனமாகப் புகுந்து ஜுசாரா வெட்டும் தொழிலாளியைப் பத்திரிகைகள் காட்டின் பகைவன் என்கின்றன. அவன் சுமந்துவரும் கட்டை அற்பவிலைக்கு வாங்கும் இடைத்தரகரும் அதனைப் பரிமாறும் உணவகமும் செய்தியிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 1842இல் ரைன்லாந்து மாநிலச் சபையின் விறகுத் திருட்டுச் சட்ட விவாதத்தைப் பற்றி இளம் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகள் இங்கு நினைவுக்கு வருகின்றன. ஏழைகளின் வழக்காற்றுரிமை எவ்வாறு சட்டத்தின் ஒரு வரியினாற் குற்றமாக்கப்படுகின்றது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். இதனைக் கூறுவதால் குருத்து வெட்டுதலை நாம் நியாயப்படுத்தவில்லை. வெட்டப்படும் ஒவ்வொரு மரமும் பறவைக்கு ஓர் இழப்பே. ஆயின் 80 வீதத்துக்கு மேற்பட்ட காட்டை வீழ்த்தியவனுக்கு உரிமைப்பத்திரமும், எஞ்சியதில் ஒரு மரத்தை வெட்டியவனுக்குச் சிறையும் என்ற நீதியைக் கேள்விக்குள்ளாக்காமல் ஜுசாராவைப் பற்றிப் பேசுவது வரலாற்றாசிரியருக்கு அழகன்று.

சாவோ பாவுலோ மாநிலத்தின் ரிபெய்ரா பள்ளத்தாக்கில் இம்முரண்பாடு கூர்மையாகத் தெரிகின்றது. அத்திலாந்திக் காட்டின் மிகப்பெரிய தொடர்ச்சியான எச்சம் அங்குள்ளது. பிரேசிலின் மிகச் செல்வம்மிக்க மாநிலத்தின் மிக வறிய பகுதியும் அதுவே. கோப்பி அங்கு வேரூன்றாமையே இரண்டுக்கும் காரணம். தங்கம் தோண்டக் கொண்டுவரப்பட்டுப் பின் விடுபட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் கிலொம்போ எனப்படும் ஊர்களில் அங்கு இன்றும் வாழ்கின்றனர். 1969இல் அரசு ஜாக்குப்பிரங்கா பூங்காவை வரைந்தபோது அவர்களது சேனைகள் பூங்காவின் எல்லைக்குள் அகப்பட்டன. காடு நின்றதற்குக் காரணமானோர் காட்டில் அத்துமீறுவோராயினர். 2008இலேயே அவ்வெல்லைகள் திருத்தப்பட்டன. 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அத்திலாந்திக் காட்டைத் தேசிய மரபுரிமை என்கின்றது. கிலொம்போ மக்கள் தாம் வாழும் நிலத்துக்கு உரிமையாளர் என்றும் அதே அரசியலமைப்பு கூறுகின்றது. 2018இல் ரிபெய்ராவின் கிலொம்போ வேளாண்முறை தேசியப் பண்பாட்டு மரபாக ஏற்கப்பட்டது. சும்பி கொல்லப்பட்ட நவம்பர் 20 நாடுதழுவிய விடுமுறையாக 2024இல் முதன்முறை அனுட்டிக்கப்பட்டது. நிலவுரிமைப் பத்திரமோ அவ்வூர்கள் பலவற்றுக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.

அத்தகைய ஊர்கள் சிலவற்றில் இப்போது ஜுசாராவின் குருத்தையன்றிக் கனியை எடுக்கின்றனர். அமேசனின் அசாயீயைப்போலக் கனியின் சதையை நீரில் அலசிப் பிழிந்து கூழாக விற்கின்றனர். மரம் சாவதில்லை, அடுத்த ஆண்டும் குலை தள்ளும். சதை நீங்கிய வித்துக்கள் கூடைகூடையாக மிஞ்சுகின்றன. அவை முளைக்கும் தன்மை இழப்பதில்லை. அவற்றைச் சேனை விட்ட நிலத்திலும் மரம் தீர்ந்த காட்டிலும் தூவுகின்றார்கள். பறவையின் வாய் சிறுவித்தையே தெரிந்தெடுக்கும். கையால் தூவுவோர் பெரியது சிறியது பார்ப்பதில்லை.